வற்றுவதும் மாற்றமே
(முதிய நாயின் உடலில் தோன்றும் கட்டிகளைக் குறித்து, நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் குறளின் ஆழத்தையும் சிலம்பின் சுவையையும் நயம்பட எடுத்துரைத்தார்கள். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. எனவே, இக்குடியிருப்பில் நம்மோடு வாழ்ந்தும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இடம்பெறாத ஓர் உயிரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். நம் வீட்டு வாசலிலும் மாடிப்படியின் அடியிலும் படுத்திருக்கும் நாயைத்தான் குறிப்பிடுகின்றேன். அதிலும், வயது முதிர்ந்த நாயின் உடலில் தோன்றும் கட்டியும், அக்கட்டியில் காணும் மாறுதல்களுமே இன்று என் பொருள்.

"விழா மேடையில் இதுவா பொருள்?" எனச் சிலர் எண்ணக்கூடும். நான் பணிபுரிவது கல்யாணில், பார்சல் அலுவலகத்தில். ரயிலில் நாயை உடன் கொண்டு செல்வோர் அதனைப் பார்சல் அலுவலகத்தில்தான் பதிவு செய்கின்றனர். பிரேக் வேனிலுள்ள நாய்ப்பெட்டியில் அது ஏற்றப்படுகின்றது. மாற்றலாகிச் செல்வோரும் ஓய்வு பெற்று ஊர் திரும்புவோரும் தத்தம் நாயோடு என் மேசைக்கு முன் வந்து நிற்பதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றேன். வராத நாய்களையும் நான் அறிவேன். வீட்டைக் காலி செய்யும்போது, "அதற்கு வயிற்றருகே ஏதோ கட்டி வந்துவிட்டது, இனி எதற்கு?" என்று விட்டுச் செல்லப்படும் நாய்கள் அவை. அக்கட்டி இன்னதென்று எவரும் பார்த்ததில்லை. கேடற்ற வெறுங் கொழுப்பாக அது இருந்திருக்கலாம். உடனே அறுத்திருந்தால் குணமாகியிருக்கக்கூடிய ஒன்றாகவும் இருந்திருக்கலாம். கட்டியின் பெயர் தெரியாமையால் பத்தாண்டு காத்த வீட்டை இழந்து ஓர் உயிர் தெருவில் நிற்கின்றது. ஆகவேதான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அன்பர்களே! கட்டி என்றதும் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்து விடுகின்றனர். ஒரு கட்சியார், "வயதானால் அப்படித்தான், விட்டுவிடு" என்பர். மற்றொரு கட்சியார், "புற்றுநோய்தான்; இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பர். இருசாராரும் கட்டியைக் கண்ணால் கண்டும் விரலால் தொட்டும் தீர்ப்புக் கூறுகின்றனர். மருத்துவர்களோ, பல்லாண்டு பழகிய தம் கைகூடத் தொட்ட அளவில் தீர்ப்புச் சொல்ல இயலாது என்கின்றனர். அதன் காரணத்தை முதலில் விளக்குகின்றேன்.

முதிய நாய்களிடம் மிகுதியாகக் காணப்படுவது கொழுப்புக் கட்டி. விலாவிலும் மார்பிலும் வயிற்றோரத்திலும் தோலுக்கடியில் மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் நழுவும். பெரும்பாலும் தீங்கற்றது, ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இமையிலும் தலையிலும் முதுகிலும் பூக்கோசு போன்ற சிறு மருக்கள் தோன்றும்; அவையும் பெரும்பாலும் எளியவையே. காயடிக்கப்படாத முதிய ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றிச் சிறு கட்டிகள் வருவதுண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஆண் சுரப்பு நீரால் வளர்பவை, காயடித்தால் சுருங்கும். நாய்கள் ஒன்றையொன்று கடித்த இடத்தில் சீழ்க்கட்டி எழும். உண்ணி கடித்த இடமும் சில நாள் தடித்து நிற்கும். இவையெல்லாம் நம்மை அஞ்சவைத்தாலும் ஆளை விழுங்குபவை அல்ல.

இனி, அஞ்ச வேண்டியவற்றுள் முதன்மையானது மாஸ்ட் செல் கட்டி என்பது. நாயின் தோலில் தோன்றும் கொடிய கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மாஸ்ட் செல் என்பது நோயற்ற உடலிலும் இருக்கும் ஒருவகை உயிரணு. 1878 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். அதன் உள்ளே மணிமணியாகத் துகள்கள் அடைந்திருப்பதைக் கண்டு, நன்றாக உண்டு கொழுத்த அணு இது எனக் கருதி, ஊட்டிக் கொழுக்கவைத்தலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லால் அழைத்தார். அத்துகள்களில் இருப்பது உணவன்று; ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொசு கடித்தால் நம் தோல் தடிப்பதும் சிவப்பதும் அரிப்பதும் அந்த ஹிஸ்டமினின் செயலே.

இக்கட்டியின் சூழ்ச்சி இங்கேதான் உள்ளது. கட்டியை அழுத்தினாலோ நாய் நக்கினாலோ சொறிந்தாலோ அணுக்களிலிருந்து ஹிஸ்டமின் வெளிப்பட, கட்டி சில மணி நேரத்தில் உப்பிச் சிவக்கின்றது. ஓரிரு நாளில் அச்சுரப்பு அடங்க, கட்டியும் வற்றுகின்றது. "நேற்றுப் பெரிதாக இருந்தது, இன்று சிறுத்துவிட்டது, தானாகவே ஆறிவருகின்றது" என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் ஆறியது எதுவுமில்லை. வீக்கம் மட்டுமே வடிந்தது. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஆதலின், கட்டி வளர்வதை மட்டும் மாற்றமெனக் கொள்ளலாகாது. வற்றுவதும் மாற்றமே. வளர்ந்தும் வற்றியும் மாறிமாறி வருவது மிகவும் ஐயத்திற்குரிய மாற்றம். இன்று நான் கூறுவனவற்றுள் ஒன்றை மட்டுமே நினைவிற்கொள்ள இயலுமாயின், இதனையே கொள்ளுங்கள்.

இக்கட்டிக்கு நிலையான உருவமும் இல்லை. சிலபோது மருப்போல் இருக்கும். சிலபோது சிவந்த கொப்புளம்போல் இருக்கும். தோலுக்கடியில் தோன்றும்போது கொழுப்புக் கட்டியைப் போலவே மெத்தென்று நழுவும். "மெத்தென்று இருக்கின்றது, ஆகவே கொழுப்பு" என்று சொல்ல முடியாமைக்கு இதுவே காரணம்.

பெண் நாய்களுக்கு வருவது பால்மடிக் கட்டி. நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து இணை மடிகள் உண்டு. பின்பக்கத்து இணைகளிலேயே கட்டி மிகுதியாகத் தோன்றும். தொடக்கத்தில் மிளகளவில் தோலின்கீழ் உருளும். இவற்றுள் ஏறத்தாழப் பாதி கொடியவை என்பது மருத்துவ நூல்கள் தரும் பொதுக் கணக்கு. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட நிலையில் அறுத்து நீக்கினால் நற்பயன் விளையும் வாய்ப்பு அதிகம். 5 சென்டிமீட்டரைக் கடந்தால் வாய்ப்புக் குறைகின்றது. மிகச் சிறுவயதிலேயே கருத்தடை அறுவை செய்யப்பெற்ற பெண் நாய்க்கு இந்நோய் அரிதாகவே வருகின்றது என்று 1969 இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அதன் எண்களைக் குறித்துப் பின்வந்தோர் சிலர் ஐயம் எழுப்பினராயினும், இளமையில் கருத்தடை செய்வதன் பயனை மருத்துவர்கள் பலரும் இன்றும் வலியுறுத்துகின்றனர்.

நம் நாட்டுத் தெருநாய்களிடம் காணும் மற்றொரு கட்டியையும் சொல்லவேண்டும். இனச்சேர்க்கையால் ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் கட்டி அது. பிறப்புறுப்பில் பூக்கோசு போல் எழும், இரத்தம் சொட்டும், முகர்ந்தும் நக்கியும் மூக்கிலும் வாயிலும் பரவுவதுண்டு. 1876 ஆம் ஆண்டில் நொவின்ஸ்கி என்னும் உருசிய நாட்டுக் கால்நடை மருத்துவர் இதனை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றி வளரச் செய்து காட்டினார். இங்கே தொற்றுவது கிருமியன்று. கட்டியின் உயிரணுவே பெயர்ந்து சென்று புதிய உடலில் குடியேறுகின்றது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் உடலில் தோன்றிய அணுக்களே இன்றும் உலகெங்கும் நாய்விட்டு நாய் தாவி வாழ்கின்றன என்று மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது.

இதனை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இரத்தம் சொட்டும் இந்த நாய்களைத்தான் நம்மவர் முதலில் விரட்டுகின்றனர். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என அஞ்சுகின்றனர். இது மனிதர்க்குத் தொற்றுவதன்று. அதுமட்டுமன்று, பார்வைக்கு அருவருப்பான இக்கட்டியே எளிதில் குணமாவது. வின்கிறிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் செலுத்தினால், பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் முற்றும் நலமடைகின்றன. அம்மருந்து எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? நம் வீட்டுத் தொட்டிகளில் பூத்திருக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. 1963 இல் அமெரிக்க அரசு மனிதரின் புற்றுநோய்க்கு இதனை ஒப்புக்கொண்டது. இதைக் கேட்டு எவரும் நித்தியகல்யாணி இலையை அரைத்து நாய்க்குப் புகட்டிவிட வேண்டா! செடி நஞ்சுடையது. மருந்தையும் மருத்துவரே அளந்து செலுத்த வேண்டும். நரம்பை விட்டுச் சதையில் கசிந்தால் அவ்விடமே புண்ணாகிவிடும்.

இவ்வாறு கேடற்றதும் கொடியதும் ஒரே முகத்தோடு வருகின்றன. பிரித்தறிவதற்கு வழி என்ன? வழி மிக எளிது. அதனை ஊசிப் பரிசோதனை என்பர். தடுப்பூசி போடும் அளவுள்ள மெல்லிய ஊசியை மருத்துவர் கட்டியினுள் செலுத்தி, அகப்படும் சிறுதுளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்கின்றார். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டுவதில்லை. கொழுப்பாயின் தகட்டில் நெய்த்துளிபோல் பளபளக்கும்; காற்றில் உலராது. மாஸ்ட் செல்லாயின் ஊதாநிறத் துகள்கள் நிறைந்த வட்ட அணுக்கள் கூட்டமாகத் தோன்றும். சீழாயின் சீழணுக்கள் தெரியும். எல்லாக் கட்டிகளையும் இச்சோதனையொன்றே தீர்த்துச் சொல்லிவிடும் எனல் ஆகாது. சிலவற்றிற்குச் சிறுதுண்டு சதையை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவைப்படும். எனினும், முதற்கதவைத் திறக்கும் சாவி இந்த ஊசியே.

எப்போது ஊசி குத்திப் பார்ப்பது? கால்நடைப் புற்றுநோய் வல்லுநர்கள் ஒரு நல்ல விதி கூறுகின்றனர். கட்டி பட்டாணியளவு, அதாவது 1 சென்டிமீட்டர், இருந்து, ஒரு மாதம் மறையாமல் நின்றால், ஊசியால் சோதித்துவிட வேண்டும். "வளர்கின்றதா, பார்ப்போம்" என்று ஆறுமாதம் காத்திருப்பது, பெயர் தெரியாதவனை வீட்டில் தங்கவைத்து, திருடுகின்றானா என்று பார்ப்பதை ஒக்கும்.

இங்கே என் தொழிற் கணக்கு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பெரும் பார்சல்களை எடையால் மட்டுமன்றி, நீளம், அகலம், உயரம் பெருக்கிக் கனஅளவாலும் கணிப்போம். எல்லாப் பக்கமும் சற்றே கூடினாலும் கனஅளவு மிகவும் கூடிவிடும். கட்டிக்கும் அக்கணக்கே. 1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டி 2 சென்டிமீட்டரானால், "இருமடங்கு ஆயிற்று" என்போம். உண்மையில் அதனுள் அடங்கும் சதை எட்டு மடங்கு ஆகியிருக்கும். ஒன்றரை சென்டிமீட்டரானாலே மூன்று மடங்கைத் தாண்டிவிடும். "கொஞ்சம்தான் பெருத்திருக்கின்றது" என்னும் பேச்சு எத்துணைப் பொய்க் கணக்கென்று இதனால் விளங்கும்.

எனவேதான் என் வீட்டில் நாய்க்கென ஒரு பதிவேடு வைத்தோம். எங்கள் மணிக்கு ஒன்பது வயதானபோது இடது விலாவில் ஒரு கட்டி தென்பட்டது. மருத்துவர் ஊசியால் சோதித்து, கொழுப்பு என்றார். "இதனை விட்டுவிடலாம், ஆனால் மாதந்தோறும் அளந்து எழுதுங்கள், புதிதாக ஒன்று தோன்றினால் அதுவும் கொழுப்பென்று கருதாதீர்கள். ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனியே ஊசி வேண்டும்" என்றார். நாங்களும் மாதத்தின் முதல் ஞாயிறன்று அளந்து எழுதி வந்தோம். இரண்டாண்டுக் காலம் அக்கொழுப்புக் கட்டி ஏறக்குறைய அதே அளவில் நின்றது.

பதினோராம் வயதில் வலப் பின்தொடையில் சிறியதொன்று தோன்றியது. திங்களன்று 8 மில்லிமீட்டர், வியாழனன்று 15, சிவந்தும் இருந்தது, மணி அதனை ஓயாது நக்கியது. சனிக்கிழமை 9 ஆயிற்று. வீட்டில் அனைவர்க்கும் மகிழ்ச்சி. என் மனைவி மட்டும் பதிவேட்டை எடுத்து, "எட்டு, பதினைந்து, ஒன்பது, மேலும் கீழும் ஆடுகின்றது. ஆடுகின்ற கணக்கை நீங்கள் அலுவலகத்தில் ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டாள். அடுத்த வேலைநாளிலேயே சோதனைக்குக் கொண்டு சென்றோம். மாஸ்ட் செல் என்று தெரிந்தது. தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவையும் சோதித்து, இரத்தமும் சிறுநீரும் பார்த்து, வயிற்றையும் ஸ்கேன் செய்து, பரவவில்லை என உறுதி கண்டபின் அறுவை நடந்தது. கட்டி சிறிதெனினும், அதனைச் சுற்றிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை நல்ல தோலையும், அடியில் ஓர் அடுக்குத் திசுவையும் சேர்த்தே எடுத்தனர். இக்கட்டியின் வேர் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஓடுவதே அதன் காரணம். எடுத்த சதை ஆய்வுக்குச் சென்றது. கொடுமை குறைந்த வகை என்றும், ஓரங்களில் நோயணு இல்லை என்றும் அறிக்கை வந்தது. அதன்பின் மணி இரண்டாண்டும் நான்கு மாதமும் எங்களோடு வாழ்ந்து, சிறுநீரகம் தளர்ந்து முதுமையால் மறைந்தது. கட்டி திரும்பவே இல்லை.

மற்றொரு வீட்டையும் நான் அறிவேன். நம்மிடையே வாழ்ந்து ஊர் திரும்பிய குடும்பம் அது. அவர்களுடைய பெண் நாய்க்குப் பின்மடியில் கொட்டைப்பாக்களவு கட்டி. பார்த்தோரெல்லாம், "குட்டி போட்ட மடி, பால் கட்டியிருக்கும்" என்றனர். எலுமிச்சையளவாகிப் புண்ணாகி நாற்றமெடுத்த பின்னரே மருத்துவமனை சென்றனர். மார்பை எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. அவர்கள் அன்பில் குறைந்தவர்களல்லர். கடைசி வாரங்களில் அந்நாய்க்கு இரவும் பகலும் கண்விழித்தவர்கள். அவர்களுக்குக் கிடைக்காதிருந்தது அன்பன்று. காலத்தில் ஒரு சொல்.

"நாய்க்கு நோவென்றால் அது காட்டாதா?" எனக் கேட்பீர். காட்டாது. தன் உடம்பில் வேல் தைத்திருக்கும்போதும் தலைவனைக் கண்டு வாலாட்டும் இயல்புடையது நாய் என்று நாலடியார் கூறுவதை அறிவீர்கள். அப்புலவர் நட்பின் பெருமைக்குச் சொன்னதை, நாம் மருத்துவ எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். உண்கின்றது, வாலாட்டுகின்றது என்பதால் கட்டி கேடற்றது என்றாகிவிடாது.

ஆகவே, மாதம் ஒருமுறை கால்மணி நேரம் ஒதுக்குங்கள். மூக்கில் தொடங்கி வால்நுனி வரை கையால் தடவிப் பாருங்கள்: உதடு, ஈறு, தாடையின் கீழ், கழுத்து, அக்குள், மார்பு, மடிகள் ஒவ்வொன்றும், தொடையிடுக்கு, வாலின் அடி, விரலிடுக்கு. தாடைக்கீழும் தோளின் முன்னும் பின்முழங்காலின் பின்னும் இருபுறமும் ஒருசேரத் தடவுங்கள். நாம் நெறிகட்டுதல் என்கின்றோமே, அது அங்கே பல இடங்களில் ஒரே வேளையில் தோன்றினால் நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்க.

கட்டி கண்டால் பதிவேட்டில் நாயின் உருவத்தைக் கோட்டுப்படமாக வரைந்து இடத்தைக் குறியுங்கள். நாள், நீளம், அகலம், மென்மையா கெட்டியா, நழுவுமா ஒட்டியிருக்குமா, மேல்தோலின் நிறம், மயிர் உதிர்வு, புண், நாய் நக்குகின்றதா என்பவற்றை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மொபைல் போனில் படமெடுங்கள். நம் பிள்ளைகள் இவ்வேலையில் நம்மினும் வல்லவர்கள். அவர்களிடமே பதிவேட்டை ஒப்படைக்கலாம்.

விரைந்து வளர்தல், கெட்டியாதல், அடித்தசையோடு ஒட்டிக்கொள்ளல், சிவத்தல், புண்ணாதல், இரத்தம் கசிதல், ஏறி இறங்குதல் ஆகிய எதனைக் கண்டாலும் அடுத்த முதல் ஞாயிறு வரை காத்திராதீர். கட்டியோடு வாந்தியும் கரிய மலமும் சேர்ந்தால் இன்னும் விரைக. மாஸ்ட் செல்லின் ஹிஸ்டமின் இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடும்.

செய்யத்தகாதனவும் சில உள. கட்டியைப் பிதுக்காதீர், சுண்ணாம்பு தடவாதீர், மருவை மயிரால் கட்டி இறுக்காதீர். வீட்டிலிருக்கும் வலிமாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர். நமக்கு எளியதான ஐபுபுரோபென், டைக்ளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். வீக்கம் வடியச் செய்யும் ஸ்டீராய்டு மாத்திரைகளையும் சோதனைக்கு முன் நீங்களாகத் தராதீர். கட்டி சுருங்கி, நோயின் உண்மை முகம் மறைந்துவிடும். மீண்டும் சொல்கின்றேன், வற்றியதெல்லாம் குணமன்று.

தெருவில் வாழும் நாயைச் சோதிக்க முற்படுவோர் முதலில் அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பெற்றுள்ளதா என்று அறியவேண்டும். காதுநுனியில் சிறு வெட்டுள்ள நாய் கருத்தடை செய்யப்பெற்றது. 2001 இல் வந்து, 2023 இல் புதுப்பிக்கப்பெற்ற மத்திய அரசின் விதிகள் கருத்தடையையும் அத்தடுப்பூசியையும் சேர்த்தே வகுத்துள்ளன. எனினும் தடுப்பூசி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பழகாத நாயின் கட்டியைத் தொட்டுப் பார்க்க எவரும் முனைய வேண்டா. படமெடுத்து மருத்துவரிடம் காட்டினாலே முதற்படி நிறைவேறும்.

"வயதான நாய்க்கு அறுவையா? மயக்க மருந்தைத் தாங்குமா?" என்பது பலருடைய கவலை. முதுமை ஒரு நோயன்று. இரத்தத்தையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் சோதித்த பின்னரே மருத்துவர் முடிவு செய்வார். அறுக்க வேண்டாதவற்றை அறுக்கவும் சொல்லார். அக்குளில் வளர்ந்து நடையைத் தடுத்தாலன்றிக் கொழுப்புக் கட்டியை அப்படியே விடுவதே முறை. முற்றிய நோயாயின், வலியைக் குறைத்து அமைதியாக வைத்திருப்பதும் மருத்துவமே. எதைச் செய்தாலும் இன்னதென்று அறிந்து செய்க. அறியாமல் விட்டுவிடுவதும் அறியாமல் அஞ்சுவதும் ஒன்றே.

நாம் வாழும் இவ்வட்டாரத்திற்கு இதில் குறைவில்லை. பம்பாயின் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886 இல் தொடங்கப்பெற்றது. விடுமுறையில் சென்னை செல்வோர்க்கு வேப்பேரியில் 1903 இல் தொடங்கிய கல்லூரி உள்ளது. அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமே தொடங்கலாம். வேண்டுமாயின் அவரே மேலிடத்திற்கு வழிகாட்டுவார்.

முடிவாக, சங்கத்திற்கு என் விண்ணப்பம் ஒன்று. நம் சங்க நூல்நிலையத்தில் ஓர் அளவு நாடாவும் ஒரு பதிவேடும் வைக்க இசைவு வேண்டுகின்றேன். மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் விரும்புவோர் தம் நாயோடு வரலாம்; பழகிய குடியிருப்பு நாய்களைப் பற்றிய குறிப்புகளையும் அதிலேயே எழுதலாம். எழுதும் பொறுப்பை நான் ஏற்கின்றேன். அது என் தொழில்தானே. ஊசிச் சோதனைக்குப் பணம் இல்லாத வீட்டுக்கு நாம் ஆளுக்குச் சிறிது தந்து உதவுவோம். அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது, "கட்டியுள்ள நாய்" என்று எந்த நாயும் இக்குடியிருப்பில் தனித்து நிற்கலாகாது. அதன் கட்டிக்குப் பெயர் தெரிந்திருக்கட்டும், அளவு எழுதப்பட்டிருக்கட்டும், அந்த ஏட்டோடு அது என் மேசைக்கு வரட்டும். நாய்ப்பெட்டியில் இடம் பதிவு செய்து தர நான் காத்திருக்கின்றேன்.